ரெண்டுங்கெட்டான் வயசுக்கு ஒரு பாட்டு: ஆலிஸ் கூப்பரின் 'ஐம் எய்ட்டீன்'

1970 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சிங்கிள் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் 'ஐம் எய்ட்டீன்', திருப்பிப் போட்டால் 'இஸ் இட் மை பாடி'. அதைப் போட்ட ராக் இசைக் குழுவின் பெயர் ஆலிஸ் கூப்பர். அதற்கு முன் அவர்கள் போட்ட இரண்டு ஆல்பங்களும் தேறவில்லை. இந்த சிங்கிள் ஓடினால் அடுத்த ஆல்பத்தைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் அன்றைய நிலை. ஓடியது. 1971இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 21ஆம் இடம் வரை ஏறியது.

21ஆம் இடத்துக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். அந்தக் குழுவே அடுத்த இரண்டு வருஷத்தில் அதைவிடப் பெரிய வெற்றிகளைப் பார்த்துவிட்டது. ஆனாலும் எனக்கு இந்தப் பாட்டின் மீதுதான் கண். பாம்பு, தூக்குக்கயிறு, மின்சார நாற்காலி என்று மேடையில் பேயாட்டம் ஆடி ஊரைப் பயமுறுத்திப் பெயர் வாங்கிய ஒரு குழு. அவர்களுக்கு முதல் கதவைத் திறந்துவிட்ட பாட்டில் பாம்பும் இல்லை, பிணமும் இல்லை, ரத்தமும் இல்லை. என்ன வேண்டும் என்றே தெரியாமல் முழிக்கும் ஒரு பையன் மட்டும்தான் இருக்கிறான். இது எப்படி நடந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

பாடகரின் சொந்தப் பெயர் வின்சென்ட் டேமன் ஃபர்னியர். 1948 பிப்ரவரி 4 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பா ஒரு சிறிய கிறிஸ்தவ சபையில் போதகர். தாத்தா அதே சபையின் உயர் பொறுப்பில் இருந்தவர். பையனுக்கு உடம்பு அடிக்கடி படுத்தியதால் குடும்பம் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கார்டெஸ் உயர்நிலைப் பள்ளி. ஓட்டப்பந்தய அணி, பள்ளிப் பத்திரிகை, ஓவியம் என்று ஒழுங்கான பிள்ளையாகத்தான் இருந்தார். பின்னாளில் மேடையில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் தலையைக் கொடுக்கப் போகிறவர் என்று அப்போது யாரும் சத்தியம் செய்திருக்க மாட்டார்கள்.

குழு பிறந்ததே ஒரு கேலிக்காக. 1964இல் பள்ளியின் திறமைப் போட்டிக்காக பீட்டில்ஸைக் கிண்டல் செய்து ஒரு நிகழ்ச்சி. விக் வைத்துக்கொண்டு மேடையேறினார்கள். பெயர் தி இயர்விக்ஸ். கூட ஓடிய டென்னிஸ் டனவே, பள்ளிப் பத்திரிகைக்குப் படம் எடுத்த கிளென் பக்ஸ்டன் எல்லோரும் அதில் இருந்தார்கள். கைதட்டல் கிடைத்ததும் ருசி பிடித்துவிட்டது. அப்புறம்தான் வாத்தியம் வாசிக்கவே கற்றுக்கொண்டார்கள். தி ஸ்பைடர்ஸ், பிறகு தி நாஸ் என்று பெயர்கள் மாறின. நாஸ் என்ற பெயரில் டாட் ரண்ட்கிரென் என்ற இசைக்கலைஞர் ஏற்கெனவே ஒரு குழு நடத்திக்கொண்டிருந்ததால் 1968இல் மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. ஆலிஸ் கூப்பர் என்று வைத்தார்கள். முறுக்கு சுட்டுக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயர் போல அமெரிக்கக் காதுக்குக் கேட்கும் பெயர் அது. அந்தப் பெயரோடு கண்மை தீட்டிய ஐந்து ஆம்பிளைகள் மேடையேறினால் எப்படி இருக்கும்? அந்த முரண்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆவியை வரவழைக்கும் பலகையில் ஒரு பழைய சூனியக்காரியின் பெயராக வந்தது என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். இந்தக் குழுவின் சரித்திரத்தில் கதை எது, நடந்தது எது என்று பிரிக்கப் போனால் பாதி வேலை அதற்கே போய்விடும்.

மைக்கேல் புரூஸ் கிதாரும் கீபோர்டும், கிளென் பக்ஸ்டன் லீட் கிதார், டனவே பேஸ், நீல் ஸ்மித் டிரம்ஸ், வின்சென்ட் பாட்டு. இந்த ஐந்து பேரும் சேர்ந்ததுதான் அன்றைக்கு ஆலிஸ் கூப்பர். மேடை உடைகளைத் தைத்தது நீலின் சகோதரி சிண்டி. பாடகர் ஒருவரின் பெயராக மட்டும் அது மாறியது பிறகு நடந்த கதை.

கூட்டத்தைக் கலைக்கும் திறமை

ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார்கள். அங்கே இவர்களுடைய பெரிய திறமை கூட்டத்தைக் கலைப்பது. ஒருமுறை சீட்டா என்ற கிளப்பில் வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அரங்கமே காலியானதாம். அதைப் பார்த்த ஷெப் கார்டன் என்ற இளைஞர், இத்தனை பேரை இத்தனை சீக்கிரம் வெறுக்க வைக்கிறவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று கணக்குப் போட்டு மேனேஜர் ஆனார். இந்த உறவுக்கு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா இவர்களைத் தன் ஸ்ட்ரெய்ட் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் எடுத்துக்கொண்டதும் வேடிக்கைதான். ஏழு மணிக்கு வாருங்கள், வாசித்துக் காட்டுங்கள் என்றார். அவர் சொன்னது இரவு ஏழு. இவர்கள் விடிகாலையில் முழு வேஷத்தோடு அவர் வீட்டில் போய் நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். காலை ஏழு மணிக்கு இப்படி வாசிக்கிறவர்களை விடக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, ஒப்பந்தம் கிடைத்தது. 'பிரெட்டீஸ் ஃபார் யூ' 1969இலும் 'ஈஸி ஆக்‌ஷன்' 1970இலும் வந்தன. இன்றைக்குக் கேட்டாலும் அவற்றில் ஒரு பாட்டை முணுமுணுப்பது கஷ்டம். ஒரே பாட்டுக்குள் ஏழெட்டு யோசனைகள், எதுவும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்காது. மூளை நிறைய இருந்தது, பாட்டு இல்லை.

நடுவில் அந்தக் கோழி விவகாரம். 1969 செப்டம்பர் 13, டொரன்டோ, வார்சிட்டி ஸ்டேடியம். ஜான் லெனன் கலந்துகொண்ட விழா. ஆலிஸ் கூப்பர் மேடையில் இருக்கும்போது எங்கிருந்தோ ஒரு உயிருள்ள கோழி வந்து சேர்ந்தது. பாடகர் அதைத் தூக்கிக் கூட்டத்தின் மேல் எறிந்தார். இறக்கை இருக்கிறதே, பறந்துவிடும் என்று நினைத்தேன், நான் பண்ணையில் வளர்ந்தவனா என்ன என்பது பாடகர் தரப்பு. கோழி பறக்கவில்லை. கீழே இருந்தவர்கள் அதைப் பிய்த்துத் திரும்ப மேடைக்கே எறிந்தார்கள். அவர் கோழியின் தலையைக் கடித்து ரத்தம் குடித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. ஜாப்பா போன் செய்து நிஜமாகவா என்று விசாரித்தாராம். இல்லை என்றதும், இல்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே என்று புத்தி சொன்னாராம்.

பெயர் பரவியது, சரி. இசைத்தட்டு விற்கவில்லை. இந்த இடத்தை நாம் கவனிக்க வேண்டும். அதிர்ச்சி கொடுப்பதே வெற்றிக்கு வழி என்றால், கோழிக்கு அப்புறம் வந்த 'ஈஸி ஆக்‌ஷன்' கடைகளில் பறந்திருக்க வேண்டும். அந்தக் கோழியைப் போலத்தான் அதுவும் பறந்தது. எந்த ஊர்க்காரர்கள் நமக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்களோ அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்து, 1970இல் குழு டெட்ராய்ட் பக்கம் பான்டியாக்கில் ஒரு பண்ணை வீட்டுக்கு மூட்டை கட்டியது. கார் தொழிற்சாலைகளின் ஊர். எம்சி5, ஸ்டூஜஸ் மாதிரியான குழுக்களைக் கேட்டுப் பழகிய, வேலை முடித்து வந்து காது கிழிய இசை கேட்கும் கூட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் முகம் சுளித்ததை டெட்ராய்ட் பையன்கள் கொண்டாடினார்கள்.

காதில் தப்பாக விழுந்த சொல்

இப்போது கதைக்குள் டொரன்டோவைச் சேர்ந்த பாப் எஸ்ரின் வருகிறார். வயது 21. குழுவில் இருந்த ஐந்து பேரையும்விட இளையவர். ஷெப் கார்டன் உண்மையில் தேடிப் போனது தி கெஸ் ஹூ குழுவின் பாட்டுகளைத் தயாரித்துப் புகழ்பெற்ற ஜாக் ரிச்சர்ட்சனை. ரிச்சர்ட்சனுக்கு இந்தக் கூத்தில் இஷ்டம் இல்லை. தன் கம்பெனியில் கீழ் நிலையில் இருந்த பையனை அனுப்பிவைத்தார். போய்ப் பார்த்து எப்படியாவது தட்டிக் கழித்துவிட்டு வா என்பது போன்ற வேலை. எஸ்ரின் நியூயார்க்கில் மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி கிளப்பில் இவர்களின் நிகழ்ச்சியைப் பார்த்தார். தட்டிக் கழிக்க வந்தவர் நானே இதைச் செய்கிறேன் என்று திரும்பினார்.

அன்று கேட்டதில் ஒரு பாட்டு அவரை இழுத்தது. 'ஐம் எட்ஜி' என்று பாடுகிறார்கள் என்றே அவர் நினைத்தார். இருப்புக்கொள்ளவில்லை, நிலையாக இருக்க முடியவில்லை என்று பொருள். உண்மையில் அவர்கள் பாடியது 'ஐம் எய்ட்டீன்'. சொல்தான் தப்பாகக் கேட்டதே தவிர, விஷயம் சரியாகவே கேட்டிருக்கிறது. 18 வயதும் இருப்புக்கொள்ளாமையும் வேறு வேறா என்ன.

அந்தச் சமயத்தில் அது பாட்டே இல்லை. மேடையில் வாத்தியங்களைச் சூடேற்ற வாசிக்கும் ஒரு நீண்ட ஜாம், அதாவது திட்டமில்லாமல் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. எட்டு நிமிடம் வரை இழுக்கும். எஸ்ரின் பண்ணை வீட்டுக்கு வந்து குழுவோடு உட்கார்ந்தார். அவர் செய்த வேலையைத் தச்சு வேலை என்றுதான் சொல்ல வேண்டும். இழைப்பது, வெட்டுவது, மறுபடி இழைப்பது. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் இன்னும் எளிமையாக்கு, இன்னும் முட்டாள்தனமாக்கு என்று பாடாய்ப் படுத்தினார் என்று ஆலிஸ் பல பேட்டிகளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார். எட்டு நிமிடம் சுமார் மூன்று நிமிடம் ஆனது. ஒலிப்பதிவு சிகாகோவில் ஆர்சிஏ ஸ்டுடியோவில் நடந்தது. தயாரிப்பாளர்களாக ரிச்சர்ட்சன் பெயரும் எஸ்ரின் பெயரும் சேர்ந்தே வந்தன. பாட்டு எழுதியவர்களாக ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது.

எளிமையாக்கு என்பதைக் கேட்கச் சுலபமாக இருக்கிறது. இரண்டு ஆல்பம் முழுக்கத் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சாமர்த்தியத்தைக் கழற்றி வை என்று 21 வயதுப் பையன் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் கேட்டார்களே, அது அதைவிடப் பெரிய விஷயம். இரண்டு தோல்வியும் காலிப் பையும் அந்த அளவுக்குப் பக்குவப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மூன்று நிமிடத்துக்குள்

பாட்டை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஈ மைனர் சுருதி. தொடக்கத்தில் கிதார் கனமாக இறங்குகிறது. உடனே சண்டைக்கு வரப் போகிறார்கள் என்று நினைத்தால், இல்லை. கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, முழுசாக அடிக்காமல், ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு கிதார் நடக்க ஆரம்பிக்கிறது. தெருமுனையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறவனின் நடை. டிரம்ஸ் அவசரப்படவில்லை. அந்த இடைவெளிக்குள் குரல் வருகிறது. கரகரத்த, தொண்டை கட்டிய, இரவு முழுக்கக் கத்திவிட்டு விடிந்ததும் பேசுகிற குரல்.

அந்தக் குரல் முதலில் புலம்புவது என்ன தெரியுமா? முகத்திலும் கையிலும் கோடு விழுகிறதாம். 18 வயதில்! இதைக் கேட்டுத்தான் நான் முதல் தடவை சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. அந்த வயதில் நமக்கும் அப்படித்தானே இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது போலவும் எதுவும் ஆரம்பிக்கவே இல்லை போலவும் ஒரே நாளில் தோன்றும். நடுவில் மாட்டிக்கொண்டேன், கையில் திட்டம் எதுவும் இல்லை, பையனும் நான்தான் ஆளும் நான்தான் என்கிறான். மூளை குழந்தையுடையது, நெஞ்சு கிழவனுடையது என்கிறான். தமிழில் இதற்கு நம் வீடுகளில் ஒரே சொல் இருக்கிறது: ரெண்டுங்கெட்டான். அந்தச் சொல்லைப் பெரியவர்கள் பையனைப் பார்த்துச் சொல்வார்கள். இந்தப் பாட்டில் பையனே தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பாட்டு நிற்பதே அந்த வித்தியாசத்தின் மேல்.

கோரஸ் வரும்போது கிதார்கள் மொத்தமாக விழுகின்றன. எனக்கு 18, என்ன வேண்டும் என்று தெரியவில்லை. அவ்வளவுதான் சேதி. அடுத்த சுற்றிலும் அதே குழப்பம், கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு. எங்காவது போய்விட வேண்டும், இந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்கிறான். எங்கே என்று சொல்லவில்லை, அவனுக்கும் தெரியாது.

கடைசியில்தான் அந்தத் திருப்பம். அதே வரி, அதே மெட்டு, அதே புலம்பல் தொனி. எனக்கு 18 என்று கத்திவிட்டு, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று முடிக்கிறான். பிடித்திருக்கிறதா! இத்தனை நேரம் அழுதவன் திடீரென்று பல்லைக் காட்டுகிறான். காரணம் எதுவும் சொல்வதில்லை. பிரச்சினை எதுவும் தீரவும் இல்லை. இளமை என்பது தன் துயரத்தையே ரசிக்கும் பருவம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு சொல் மாற்றம் இல்லாவிட்டால் இது இன்னொரு அழுகைப் பாட்டு, மறந்திருப்போம்.

இன்னொன்று. இதைப் பாடியபோது வின்சென்ட்டுக்கு 22. நான்கு வருஷம் பின்னால் போய், தன் பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பாடுகிறார். அந்த வயதிலேயே இருக்கும் ஒருவனுக்கு அந்தக் கடைசி வரி எழுத வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கொஞ்சம் தள்ளி வந்தால்தான் பிடித்திருந்தது என்பது தெரியும்.

துப்பாக்கிக்கு 18, ஓட்டுக்கு 21

இந்தப் பாட்டு விழுந்த மண்ணையும் பார்க்க வேண்டும். அது வியட்நாம் போர் நடந்த காலம். அமெரிக்காவில் 18 வயதானவன் கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. ஓட்டுப் போட, பெரும்பாலான மாநிலங்களில், 21 ஆக வேண்டியிருந்தது. சாகும் வயது வந்துவிட்டது, தேர்ந்தெடுக்கும் வயது வரவில்லை. 1969 டிசம்பர் 1 அன்று ராணுவத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் நடந்தது. ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் 366 நீல பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களின் தலையெழுத்து அதற்குள் இருந்தது. முதலில் வந்த சீட்டு செப்டம்பர் 14. ஆலிஸ் கூப்பர் குழுவின் ஐந்து பேரும் 1946க்கும் 1948க்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களுடைய தேதிகளும் அந்தக் குடுவைக்குள் கிடந்தன.

1970 மே 4 அன்று ஓஹையோவில் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில், போரை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அதைப் பற்றி உடனே பாட்டும் வந்தது, ரேடியோவில் ஏறவும் செய்தது. ஓட்டு வயதைக் குறைக்கும் சட்டம் அந்த ஜூனில் கையெழுத்தானது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது கூட்டரசுத் தேர்தல்களுக்கு மட்டும்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரே ஆளுக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு உண்டு, மாநிலத் தேர்தலில் கிடையாது என்ற கேலிக்கூத்து. 1971 மார்ச்சில் காங்கிரஸ் 26ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது, ஜூலை 1 அன்று போதுமான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தங்களிலேயே மிக வேகமாக ஏற்கப்பட்டது அதுதான்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18 என்ற எண் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேப்பரிலும் அடிபட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் கார் ரேடியோவில் ஒருவன் எனக்கு 18 என்று கத்திக்கொண்டிருந்தான். ஆனால் பாட்டில் போர் என்ற சொல் இல்லை, ஓட்டு என்ற சொல் இல்லை, அரசாங்கம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பலமாகப் படுகிறது. போராட்டப் பாட்டு கேட்பவனை ஒரு பக்கம் நிற்கச் சொல்லும். இந்தப் பாட்டு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாதவனுக்கு. ஊர்வலத்துக்குப் போனவன் சிலர். போகலாமா வேண்டாமா என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன் ஏராளம்.

பாட்டு வீட்டுக்குள் வந்த வழி

டெட்ராய்ட்டுக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் கனடாவின் வின்ட்சர். அங்கிருந்து 50,000 வாட் பலத்தில் ஒலித்த சிகேஎல்டபிள்யூ வானொலியை எல்லை தாண்டி எத்தனையோ அமெரிக்க ஊர்கள் கேட்டன. அதில் எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்த ரோசலி டிராம்ப்ளிக்குக் காது கூர்மை. அவர் இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். அது பெரிய திருப்பம். குழுவும் சும்மா இருக்கவில்லை. ரசிகர்கள் போலப் பேசி வானொலிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். போன் ஒன்றுக்கு ஒரு டாலர் என்று ஷெப் கார்டன் ஆள் வைத்துக் கேட்கச் சொன்னார் என்றும் சொல்வார்கள். கோழிக் கதையை வளர்த்தவர்கள் இதில் கூச்சப்படுவார்களா.

வெற்றி வந்ததும் வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஆல்பத்துக்குச் சம்மதித்தது. 1971 மார்ச்சில் 'லவ் இட் டு டெத்' வந்தது, ஆல்பம் பட்டியலில் 35ஆம் இடம். வந்த பணம் எங்கே போனது? மேடைக்கு. அதே வருஷம் மின்சார நாற்காலி வந்தது. அடுத்து தூக்குமரம், அதற்கடுத்து கில்லட்டின். கில்லட்டினை அமைத்துக் கொடுத்து மேடையில் தலைவெட்டும் ஆளாகவும் வந்தவர் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி. 1973இன் 'பில்லியன் டாலர் பேபீஸ்' ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் ஒழுக்கத்துக்காகக் குரல் கொடுத்துவந்த மேரி வைட்ஹவுஸ் இவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். லியோ அப்ஸே என்ற எம்பி இவர்களை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றார். ஆலிஸ் வைட்ஹவுஸுக்குப் பூங்கொத்து அனுப்பினார், விளம்பரச் செலவு மிச்சமானதற்கு.

1972இன் 'ஸ்கூல்ஸ் அவுட்' இந்தப் பாட்டைவிடப் பெரிய வெற்றி. அமெரிக்காவில் 7ஆம் இடம், பிரிட்டனில் முதலிடம். இளமைக் கோபத்தின் பாட்டு என்றால் அதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கடைசி நாள் மணி அடிக்கப் போகும் அந்தச் சில நிமிடங்களின் குதூகலம் அது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அது திருவிழா. மணி அடித்துத் தெருவுக்கு வந்து, கூட்டம் கலைந்து, சாயங்காலம் தனியாக உட்காரும்போது என்ன என்பதற்கு 'ஐம் எய்ட்டீன்'தான் இருக்கிறது.

வேஷம் ஆளை விழுங்கியது

ஒரு வேடிக்கை பாருங்கள். வேஷத்தைக் கொஞ்சம் விலக்கி முகத்தைக் காட்டிய பாட்டுதான் வேஷத்துக்கு முதலீடு கொடுத்தது. 1974 வாக்கில் ஐவரின் குழு உடைந்தது. வின்சென்ட் பெயரைச் சட்டப்படியே ஆலிஸ் கூப்பர் என்று மாற்றிக்கொண்டு 1975இல் 'வெல்கம் டு மை நைட்மேர்' ஆல்பத்தோடு தனியாளாக வந்தார். குழுவின் பெயர் ஒரு ஆளின் பெயரானது இப்படித்தான். பேட்டிகளில் அவர் ஆலிஸை இன்றும் அவன் என்றே சொல்வார். அவன் அப்படிச் செய்ய மாட்டான், அவனுக்கு அது பிடிக்காது என்பார், பக்கத்து அறையில் இருக்கும் ஆளைப் பற்றிப் பேசுவது போல.

அந்த அவனைச் சுமக்க நிறையக் குடி தேவைப்பட்டது. 1977இல் மருத்துவமனையில் சேர்ந்தார். அந்த அனுபவத்தை வைத்தே அடுத்த வருஷம் 'ஃப்ரம் தி இன்சைட்' ஆல்பம் செய்தார். மறுபடி சறுக்கினார். 1983இல்தான் குடியை அடியோடு விட்டார். குடியின் இடத்தை கோல்ஃப் பிடித்துக்கொண்டது. போதகர் வீட்டுப் பிள்ளை திரும்பச் சபைக்கும் போனார். 1976இல் மணந்த ஷெரிலோடுதான் இன்றும் வாழ்கிறார். ராக் உலகக் கணக்கில் இதுதான் அதிர்ச்சிச் செய்தி.

மற்றவர்களுக்கு அந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்கவில்லை. கிளென் பக்ஸ்டன் 1997இல் அயோவாவில் காலமானார். 2011இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது சேர்த்தது பாடகரை மட்டும் அல்ல, ஐவரின் குழுவை. 2025இல் உயிரோடு இருக்கும் நால்வரும் எஸ்ரினோடு மறுபடி கூடி ஒரு புது ஆல்பம் வெளியிட்டார்கள்.

ஜூக்பாக்ஸ் முன்னால் ஒரு பையன்

பாட்டின் மீதிக் கதை லண்டனில் நடந்தது. 1975 ஆகஸ்ட், கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரன் நடத்திய துணிக்கடை. புதுக் குழு ஒன்றுக்குப் பாடகர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜான் லைடன் என்ற 19 வயதுப் பையன், பிங்க் ஃபிளாய்டு டிஷர்ட்டில் பெயருக்கு மேலே நான் வெறுக்கிறேன் என்று கையால் எழுதிப் போட்டுக்கொண்டு வந்தான். பாடத் தெரியுமா என்றால் தெரியாது. சரி, கடையில் இருக்கும் ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டைப் போடுகிறோம், அதோடு வாயசை என்றார்கள். ஓடியது 'ஐம் எய்ட்டீன்'. பையன் முதுகைக் கூனி, கையைக் காலை முறுக்கி, வலிப்பு வந்தவன் போல ஆடித் தீர்த்தான். வேலை கிடைத்தது. குழுவின் பெயர் செக்ஸ் பிஸ்டல்ஸ், பங்க் என்ற முரட்டு ராக் பாணியைப் பிரபலமாக்கிய குழு.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜோயி ரமோன், தன் முதல் பாட்டை இதன் கார்டுகளை வைத்துத்தான் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். 1984இல் ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழு தன் முதல் ஆல்பத்தில் இதைத் திரும்பப் பாடியது. 1998இல் கிஸ் குழுவின் 'ட்ரீமின்' பாட்டு இதன் சாயலில் இருக்கிறது என்று வழக்கே வந்து, நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. மேடைக் கூத்தையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டவர்கள் வேறு வரிசை. பங்க்குக்காரர்கள் எடுத்துக்கொண்டது எஸ்ரின் இழைத்து இழைத்து மிச்சம் வைத்த அந்த நாலு கார்டுகளையும் கரகரத்த தொண்டையையும்தான். வாத்தியம் வாசிக்கத் தெரியாமல் மேடையேறிய பள்ளிக்கூடப் பையன்களிடமிருந்து, பாடத் தெரியாமல் வந்த இன்னொரு பையனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஃபீனிக்ஸில் ஆலிஸும் ஷெரிலும் நடத்தும் சாலிட் ராக் அறக்கட்டளை பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இசையையும் நடனத்தையும் காசு வாங்காமல் சொல்லித் தருகிறது. அதே ஊரில்தான் கார்டெஸ் பள்ளி. அவர் இன்னும் சுற்றுப்பயணம் போகிறார், பாட்டும் கூடவே போகிறது. அந்தக் கிதார் ஆரம்பித்ததும் கையில் ஒரு ஊன்றுகோலோடு மேடையின் முன்னால் வந்து நிற்பார். எழுபதைத் தாண்டிய கிழவர், முகத்திலும் கையிலும் இப்போது நிஜமாகவே கோடுகள். ஊன்றுகோலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு 18 என்கிறார். கடைசி வரியில், எனக்கு இது பிடித்திருக்கிறது என்று.